மூச்சு சிகிச்சையாளர் ஆவது எப்படி, ஆகலாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் மூச்சு சிகிச்சையாளர் நான். பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும் யாராவது வந்து இந்த வேலையைப் பற்றிக் கேட்பார்கள். பாதிப் பேர் தங்களுக்காக, மீதிப் பேர் பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைக்காக. ஒரே பதிலை நூறு தடவை சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. சொல்வதெல்லாம் அமெரிக்க நடைமுறை. அனுபவம் டெக்சஸ் மாநிலத்தது.

நீங்கள் நர்ஸா?

இல்லை. டாக்டரும் இல்லை. என் அம்மா இன்றைக்கும் மதுரையில் கேட்பவர்களிடம் "ஆக்சிஜன் வைக்கிற வேலை" என்றுதான் சொல்கிறார். சரித்திரப்படி பார்த்தால் அம்மா சொல்வது தப்பில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலருகே நிறுத்தி, நோயாளியின் மேல் ஆக்சிஜன் கூடாரம் மாட்டிவிடும் ஆட்களாகத்தான் இந்தத் தொழில் தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் சிகாகோவில் அவர்கள் ஒரு சங்கமாகத் திரண்டார்கள். அந்த "சிலிண்டர் ஆள்" என்ற பெயர் இன்னும் முழுதாகத் துடைபடவில்லை. சம்பளம், மரியாதை என்று பின்னால் நான் புலம்பப்போகிற பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்று வேலை வேறு. வென்டிலேட்டரைப் பொருத்துவது, அளவுகளை மாற்றுவது, நோயாளியை அதிலிருந்து மெல்ல விடுவித்து மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் குழாயை எடுப்பது. மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து வாயு அளவுகளைப் படிப்பது. முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் பைபேப், மருந்தைப் பனிப்புகைபோல் உள்ளிழுக்க வைக்கும் நெபுலைசர், சளி உறிஞ்சுவது, குறைமாதக் குழந்தையின் மூச்சைத் தாங்கிப் பிடிப்பது. யாருக்காவது இதயம் நின்று கோட் ப்ளூ அறிவித்தால், தலைமாட்டில் நின்று பையை அழுத்துகிறவர் நாங்கள். மருத்துவர் உத்தரவிடுவார். ஆனால் பல மருத்துவமனைகளில் எழுதிவைத்த நெறிமுறைக்குள் நாங்களே முடிவெடுத்து அளவுகளை மாற்றலாம்.

ஓர் இரவு எப்படிப் போகும்?

மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. வாரத்துக்கு மூன்று இரவுகள்.

சென்ற ஆண்டு ஓர் இரவைச் சொல்கிறேன். நிமோனியா முற்றிய ஒரு பாட்டி. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையடித்தது போல் இருந்தன. கீழே அவசரப் பிரிவில் குழாய் போட்டு, மூச்சுக்கு 500 மில்லிலிட்டர் காற்று என்று வென்டிலேட்டரில் வைத்து மேலே அனுப்பியிருந்தார்கள். கட்டில் காட்டிய எடை 82 கிலோ. கிலோவுக்கு ஆறு மில்லி என்று பெருக்கிப் பார்த்தால் 492. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. அது உயரத்தைப் பொறுத்தது. சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவுநாடா வைத்திருப்பேன், தையல்காரர் வைத்திருப்பாரே, அதுதான். குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை அளந்தேன்: 150 சென்டிமீட்டர். அந்த உயரத்துப் பெண்ணுக்கு நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய எடை 43 கிலோ சொச்சம். ஆறால் பெருக்கினால் 260. ஏற்கெனவே வீங்கி இறுகிப்போன நுரையீரலுக்குள், தேவையானதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்றை ஒவ்வொரு மூச்சிலும் இயந்திரம் தள்ளிக்கொண்டிருந்தது.

இது வெறும் புத்தகப் பிடிவாதம் இல்லை. இப்படிப்பட்ட நோயாளிகளிடம் கிலோவுக்கு 12 மில்லியையும் 6 மில்லியையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. குறைத்துக் கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 31 சதவீதம். கூட்டிக் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 40. மருத்துவரை அழைத்தேன், உத்தரவு வாங்கினேன், அளவைக் குறைத்து மூச்சு எண்ணிக்கையைக் கூட்டினேன், அரை மணி கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தேன். பத்து ரூபாய் நாடா செய்த வேலை.

மீதி இரவெல்லாம் இப்படி இருக்காது. நாலு மணிக்கு ஒருமுறை நெபுலைசர், ஒவ்வொரு வென்டிலேட்டரையும் சுற்றிவந்து எண்களைப் பதிவது, ஈரமாக்கும் தண்ணீர்ப் பையை மாற்றுவது, முகமூடியைப் பிடுங்கி எறிகிற தாத்தாவிடம் கெஞ்சுவது. விடியற்காலை ஐந்து மணிக்கு, தேறிவருகிறவர்களைத் தாமாக மூச்சுவிட வைத்துப் பார்ப்போம். நிமிடத்துக்கு 24 மூச்சு, ஒவ்வொன்றும் 0.3 லிட்டர் என்றால் 24ஐ 0.3ஆல் வகுத்து 80. அது 105க்குக் கீழே என்பதால் குழாயை எடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறக்கும். எடுத்ததும் அவர் இருமி, கரகரத்த குரலில் முதல் வார்த்தை பேசுவார். பெரும்பாலும் "தண்ணீர்".

உரிமம் வாங்குவது எப்படி?

படிப்பு, தேர்வு, மாநில உரிமம் என்று மூன்று படிகள்.

படிப்பு குறைந்தது இரண்டாண்டு அசோசியேட் பட்டம். அதில் சேருவதற்கு முன்பே உடற்கூறியல், நுண்ணுயிரியல், வேதியியல், கணிதம் என்று ஓர் ஆண்டுப் பாடங்களை முடிக்கவேண்டியிருக்கும். "இரண்டு வருடம்தான்" என்று விளம்பரம் சொல்வதை மூன்றாகக் கணக்கிடுங்கள். நான்காண்டு இளநிலைப் பட்டமாகவும் படிக்கலாம். எதுவானாலும் கோஆர்க் என்ற அங்கீகாரக் குழுவின் பட்டியலில் அந்தப் பாடத்திட்டம் இருக்கவேண்டும். இல்லையென்றால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள்.

தேர்வை நடத்துவது என்பிஆர்சி என்ற தேசிய வாரியம். நான் 2017இல் எழுதியபோது முதல் தேர்வில் 160 கேள்விகள், மூன்று மணி நேரம்; அதில் 140க்குத்தான் மதிப்பெண், மீதி இருபது சோதனைக் கேள்விகள். எது எது என்று தெரியாது. இதில் இரண்டு மதிப்பெண் கோடுகள் உண்டு. கீழ்க் கோட்டைத் தாண்டினால் சிஆர்டி என்ற அடிப்படைத் தகுதி. மேல் கோட்டைத் தாண்டினால் இரண்டாவது தேர்வுக்குப் போகலாம். நோயாளிகளைக் கணினித் திரையில் கையாளும் அந்தத் தேர்விலும் தேறினால் ஆர்ஆர்டி என்ற மேல் தகுதி.

பிறகு மாநிலம். அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் உரிமம் வேண்டும். டெக்சஸில் கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு, மாநிலச் சட்டங்களைப் பற்றிய ஒரு சிறு தேர்வு எல்லாம் உண்டு. கடைசி செமஸ்டரிலேயே தாள்களைத் திரட்ட ஆரம்பியுங்கள். வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் அங்கே மறுபடி விண்ணப்பம்.

சிஆர்டி போதாதா?

பல மாநிலங்களில் உரிமத்துக்குப் போதும். வேலைக்குப் போதாது. கலிஃபோர்னியா 2015இலிருந்து புது உரிமத்துக்கு ஆர்ஆர்டி கேட்கிறது. மற்ற இடங்களிலும் பெரிய மருத்துவமனைகள் விளம்பரத்திலேயே அதைப் போட்டுவிடுகின்றன. படித்தது மறப்பதற்குள், பட்டம் வாங்கிய மூன்று நான்கு மாதங்களுக்குள் இரண்டையும் எழுதி முடியுங்கள். "வேலையில் சேர்ந்துவிட்டு மெதுவாக எழுதிக்கொள்ளலாம்" என்ற என் வகுப்புத் தோழி இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறார்.

இரண்டாவது தேர்வில் ஏன் இத்தனை பேர் வழுக்குகிறார்கள்?

நம் ஊர்ப் பள்ளிப் பழக்கம் அங்கே கழுத்தைப் பிடிக்கும். தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே தேவையில்லாததைத் தொட்டால் மதிப்பெண் கழியும்.

நான் எழுதியபோது 22 நோயாளிகள், நான்கு மணி நேரம். உதாரணமாக, ஆஸ்துமா முற்றிய ஓர் இளைஞன் அவசரப் பிரிவில் இருக்கிறான். எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்று இருபது சங்கதிகளைப் பட்டியல் போடுவார்கள். மார்பில் சத்தம் கேட்பது, ஆக்சிஜன் அளவு, முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது எல்லாம் சரி. திணறிக்கொண்டிருப்பவனை முழு நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்பினால் கழித்தல். அடுத்து ரத்த வாயு அறிக்கை வரும்: கார்பன் டை ஆக்சைடு 42. புத்தகத்தில் 35 முதல் 45 வரை இயல்பு என்று மனப்பாடம் செய்தவர் நிம்மதியாக மூச்சுவிடுவார். நிமிடத்துக்கு 36 முறை இரைக்கிறவனுக்கு அந்த எண் 35க்கு வெகு கீழே இறங்கியிருக்கவேண்டும். 42 என்றால் பையன் தளர்ந்துகொண்டிருக்கிறான், இன்னும் சற்று நேரத்தில் குழாய் போடவேண்டி வரலாம் என்று பொருள். எண் இயல்பு, ஆள் ஆபத்தில். இதைக் காண்பதற்குத்தான் தேர்வு, மனப்பாடம் உதவாது. பழைய மாதிரிக் கணக்குகளைக் குறைந்தது ஐம்பதாவது போட்டுப் பாருங்கள்.

எந்தக் கல்லூரியில் சேருவது?

என்னிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஆனால் எல்லோரும் சம்பளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நான் படித்தது சமுதாயக் கல்லூரியில். கட்டணம், புத்தகம், சீருடை, ஸ்டெதஸ்கோப் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் டாலருக்குள் முடிந்தது. இதே பட்டத்துக்கு அதைப்போல ஐந்து மடங்கு வாங்கும் தனியார் நிறுவனங்கள் உண்டு. "காத்திருப்புப் பட்டியல் இல்லை, அடுத்த மாதமே வகுப்பு" என்பார்கள். வெளியே வந்தபிறகு இரண்டு பேருக்கும் ஒரே தேர்வு, ஒரே உரிமம், ஒரே மணிக்கூலி. இந்தத் தொழிலின் மதிப்பை நிர்ணயிப்பது நீங்கள் உள்ளே நுழையக் கொடுக்கும் விலைதான் என்பது என் அபிப்பிராயம். பத்தாயிரத்துக்குள் நுழைந்தால் நல்ல பேரம். ஐம்பதாயிரம் கடனோடு நுழைந்தால் வேண்டாம், ஓராண்டு காத்திருங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

சேரும் முன் கோஆர்க் இணையதளத்தைப் பாருங்கள். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் அங்கே போட்டிருப்பார்கள். பளபளப்பான கையேட்டைவிட அந்த மூன்று எண்கள் பேசும்.

இந்தியாவில் பிஎஸ்சி சுவாச சிகிச்சை முடித்திருக்கிறேன். அமெரிக்கா வரலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் பயின்றவர்களின் கைத்திறனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்களில் பலருக்கு அவர்கள் பாடம் எடுக்கலாம். ஆனால் கோஆர்க் அங்கீகாரம் இல்லாத பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்பிஆர்சி தேர்வில் உட்கார முடியாது. இங்கே வந்து மறுபடி படிக்கவேண்டும்.

விசாவும் முரண்டு பிடிக்கும். நர்ஸுகளும் பிசியோதெரபிஸ்டுகளும் பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, ஆள் தட்டுப்பாடு என்று அரசே ஒப்புக்கொண்ட தனிப்பட்டியலில் வருவதால் ஒரு பெரிய படி மிச்சமாகும். எங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. எச்-1பி என்ற வேலை விசாவுக்கோ, குறைந்தபட்சம் இளநிலைப் பட்டம் தேவைப்படும் வேலை என்று நிரூபிக்கவேண்டும். அசோசியேட் பட்டமே போதும் என்கிற வேலைக்கு அது சுலபமல்ல. ஆகவே அமெரிக்காவை மனதில் வைத்து ஊரில் இந்தப் படிப்பில் சேராதீர்கள். ஊரிலேயே வேலை பார்க்கவோ வளைகுடா நாடுகளுக்குப் போகவோ அந்தப் பட்டம் உதவும்.

கணவர் எச்-1பியில் இருக்கிறார், நான் துணைவருக்கான எச்-4 விசாவில். படிக்கலாமா?

படிக்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், பி.காம். படித்துவிட்டு ஐந்தாண்டு வீட்டில் இருந்தவள். மாணவர் விசாவுக்கு மாறத் தேவையில்லை. பல இடங்களில் உள்ளூர்க்காரர் கட்டணமே கிடைக்கும். சிக்கல் படிப்பில் இல்லை, அதன் பிறகு வரும் வேலையில். எச்-4இல் வேலை செய்ய, கணவரின் பச்சை அட்டைக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் கிடைக்கும் தனி அனுமதி வேண்டும். 2015இலிருந்துதான் அந்த வசதியே இருக்கிறது. உரிமத்துக்கே சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் மாநிலங்களும் உண்டு. வேலை அனுமதி இல்லாத எச்-4காரருக்கு அது கிடைக்காது. படிப்பு முடியும் காலமும் அனுமதி வரும் காலமும் ஒத்துப்போகுமா என்று ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

சம்பளம்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி 2024 மே மாதத்தில் நடுமட்ட ஆண்டு ஊதியம் 80,450 டாலர். மணிக்கு 38, 39 டாலர் வரும். கலிஃபோர்னியாவில் கணிசமாக அதிகம், வீட்டு வாடகையும் அப்படியே. இரவுப் பணிக்கும் வார இறுதிக்கும் கூடுதல் உண்டு. கோவிட் காலத்தில் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவர்கள் வாரத்துக்கு வாங்கிய தொகையைப் பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது, அதை நம்பி வீட்டுக்கடன் வாங்காதீர்கள்.

வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். முதியவர்கள் பெருகுகிறார்கள்; புகைத்த தலைமுறை இப்போதுதான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது.

அப்படியென்றால் நர்சிங்கே படிக்கலாமே?

பணம் ஒன்றுதான் அளவுகோல் என்றால், ஆமாம். அதே ஆண்டில் பதிவு பெற்ற நர்ஸின் நடுமட்ட ஊதியம் 93,600 டாலர். அதைவிட முக்கியம், அவர்களுக்கு ஏணி இருக்கிறது. மேலே படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆகி, நோயாளியைப் பார்த்து மருந்தெழுதிக் காப்பீட்டிடம் கட்டணம் கேட்கலாம். எங்களால் அப்படித் தனியாகக் கட்டணம் கேட்க முடியாது. முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டம் 1983இலிருந்து உள்நோயாளிக்கு, நோயின் வகையைப் பார்த்து மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறது. நான் பத்து முறை நெபுலைசர் வைத்தாலும் ஒருமுறை வைத்தாலும் மருத்துவமனைக்கு வரவு அதேதான். கணக்குப் பிள்ளையின் ஏட்டில் எங்கள் துறை வரவுப் பக்கத்தில் இல்லை, செலவுப் பக்கத்தில் இருக்கிறது. ஆள் குறைப்பு என்றால் கண் முதலில் போவது அங்கே.

எங்கள் ஏணி குட்டை. குறைமாதக் குழந்தைகள், பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சை, தூக்க ஆய்வு என்று சிறப்புச் சான்றிதழ்கள் வாங்கலாம். உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவி, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ், கற்பித்தல், கருவி விற்பனை என்று நகரலாம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேல்நிலைப் பயிற்சிக்கான முதுநிலைப் பட்டமும் வந்திருக்கிறது. அதற்கேற்ற வேலைகள் இன்னும் கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் இருக்கிறேன்? நர்ஸ் ஒரு நோயாளியின் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். மருந்து, படுக்கை, உறவினர், மலம், மனம், எல்லாம். எனக்கு ஓர் உறுப்பை ஆழமாகத் தெரிந்துகொண்டு, கட்டில் கட்டிலாகப் போய் அதை மட்டும் சரிசெய்வது பிடித்திருக்கிறது. இது குணத்தைப் பொறுத்தது.

மனதைப் பாதிக்காதா?

பாதிக்கும். இனி பயனில்லை என்று குடும்பம் முடிவெடுத்தபின், அந்தக் குழாயைக் கையால் எடுக்கிறவர் நாங்கள்தான். அதைப் படிப்பில் ஒரு வகுப்பாகச் சொல்லித்தந்தார்கள். அறையில் நிற்கும்போது வகுப்பு ஞாபகம் வராது. அலாரங்களை முன்கூட்டியே அணைத்துவிடுவேன். முகத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை வெந்நீரில் நனைத்து மெல்ல எடுத்துத் துடைத்து, உறவினர்களைப் பக்கத்தில் வரச் சொல்வேன். அதற்குப் பிறகு கைகழுவிவிட்டு அடுத்த அறையில் நெபுலைசர் வைக்கவேண்டும். பகலில் தூங்கி இரவில் விழிப்பதால் உடம்பும் கேட்கும். எங்கள் வீட்டில் தீபாவளி எண்ணெய்க் குளியலை நான் வேலை முடிந்து வந்தபின் எட்டு மணிக்குத்தான் வைப்போம்.

வயது 38. தாமதமா?

என் வகுப்பில் மூத்தவருக்கு 51. நன்றாகப் படித்தார். முழங்கால் ஒத்துழைக்குமா என்று மட்டும் யோசியுங்கள். ஓர் இரவில் ஐந்தாறு மைல் நடப்பேன்.

கெட்டிக்கார வென்டிலேட்டர்கள் வந்து வேலையைப் பறித்துவிடாதா?

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, இயந்திரங்கள் போதாமல், மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைவைத்து உட்கார்ந்து, கழுத்தில் போட்ட குழாய் வழியே கையால் பையை அழுத்திக் குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. தன் அளவுகளைத் தானே சரிசெய்துகொள்ளும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் பாட்டியின் உயரத்தை யாரோ ஒருவர்தான் அதில் தட்டவேண்டும். தப்பாகத் தட்டினால் அது தப்பான எண்ணுக்கே மிகச் சரியாக வேலை செய்யும்.

சேரும் முன் நேரில் பார்க்க வழி உண்டா?

உண்டு, அவசியம் பாருங்கள். கல்லூரி மூலமாகவோ மருத்துவமனையின் தன்னார்வலர் பிரிவு மூலமாகவோ கேட்டால், ஒரு பணிநேரம் எங்களுடன் சுற்றிவர அனுமதிப்பார்கள். ஐசியு நாளாகக் கேளுங்கள். சாதாரண வார்டில் நெபுலைசரை மட்டும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுவீர்கள். மெத்தென்ற செருப்புக்குப் பதில் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஆகாது. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சளி உறிஞ்சும் சத்தத்தை முதன்முதலில் வெறும் வயிற்றோடு கேட்ட என் வகுப்புப் பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இப்போது அவன் எக்மோ பிரிவில் இருக்கிறான்.